பல்லக்கு ஏறாத சாமி

பத்தொன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்த மடத்துப் பல்லக்கு, அன்று காலை ஏழு மணிக்கு வெளியே வந்தது.

முன்தண்டில் தோள் கொடுத்தவர் துரைக்கண்ணு. வயது அறுபது. மடத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர். அப்பாவுக்குப் பிறகு அந்தத் தண்டு அவருக்குத்தான் பாத்தியம். ஆனாலும் தூக்குவது இதுதான் முதல் தடவை.

மனுஷன் தோளில் மனுஷன் ஏறுவதா என்று, பட்டத்துக்கு வந்த அன்றே பல்லக்கைப் பூட்டி வைத்தவர் சாமி. பூதலூர் ஸ்டேஷனுக்குக்கூட நடந்தே போவார். ஊரே அவரைக் கொண்டாடியது. துரைக்கண்ணுவின் அப்பா மட்டும் பரம்பரை மரியாதை போச்சே என்று அழுதார். அந்தக் கோபம் துரைக்கண்ணுவுக்கு வெகுநாள் ஆறவில்லை.

ஆற்றியது புறவழிச்சாலைதான்.

மடத்து வயல்களை நடுவில் பிளந்துகொண்டு ரோடு வருகிறது என்று கல் நட்டுப் போனார்கள். அதில் ஒரு கல் துரைக்கண்ணுவின் வயல் மேட்டில். சம்மதக் கையெழுத்துக் கேட்டு அதிகாரிகள் மடத்துக்கு நடையாய் நடந்தார்கள். சாமி ஒவ்வொரு நோட்டீசின் முதுகிலும் பச்சை மையில் 'முடியாது' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். எண்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு பிடிவாதம்.

முந்தாநாள், காய்ச்சலில் படுத்தபடியே துரைக்கண்ணுவைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் வயல்ல தண்ணி நிக்காத இடம் எதுப்பா?"

"கல்லு நட்டிருக்காங்களே, அந்த மேடுதாங்க சாமி."

"நல்லதாப் போச்சு. ஒரே ஒரு தடவ உன் தோள்ல ஏறிக்கிறேன். கோவிச்சுக்காத."

துரைக்கண்ணு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

இன்று மேளம் வேண்டாம், சங்கும் வேண்டாம் என்பது சாமியின் உத்தரவு. பல்லக்குக்குப் பின்னால் ஓதுவாரும் நாற்பது ஐம்பது குடியானவர்களும் வாயைத் திறக்காமல் நடந்தார்கள். கடைசியில் தார்ப்பாய் போட்டு மூடிய டிராக்டர் ஒன்று.

வயலில் கதிர் பால் பிடித்து நின்றது. இன்னும் இருபது நாளில் அறுப்பு. வரப்பை ஒட்டி ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாலு போலீஸ்காரர்கள், தாசில்தார் வானதி.

யாரையும் கேட்காமல் பல்லக்கு வரப்பில் ஏறி, மேட்டுக்குப் போய், கல்லுக்குப் பக்கத்தில் இறங்கியது. அங்கே விடிவதற்குள் வேலையை முடித்து, மேலே வைக்கோல் பரப்பி வைத்திருந்தார்கள்.

துரைக்கண்ணுவுக்குத் தோள் தீயாய் எரிந்தது. இருந்தாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

வானதி செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறினாள்.

"சாமி, ஒரு பத்து நிமிஷம் பேசணும். கீழ இறங்கி வாங்க."

பதில் இல்லை. அவள் திரைச்சீலையை மெல்ல விலக்கினாள்.

சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் சாமி. உடம்பெல்லாம் விபூதி, கழுத்தில் ருத்திராட்சம். தாடையை உச்சந்தலையோடு சேர்த்து ஒரு காவித் துணி இறுகக் கட்டியிருந்தது.

வானதியின் கை திரையிலேயே நின்றுவிட்டது.

மடத்துச் சாமிகளை எரிப்பதில்லை. உட்கார்ந்தபடியே குழியில் இறக்கி, விபூதியும் உப்பும் கொட்டி மூடி, மேலே லிங்கம் வைப்பார்கள். வைத்த இடத்தில் யாரும் கடப்பாரை போடுவதில்லை. அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தான், அவளுக்குத் தெரியாதா?

குடியானவர்கள் வைக்கோலை விலக்கினார்கள். ஆள் ஆழத்துக்குக் குழி. டிராக்டரின் தார்ப்பாயை உருவினார்கள். உள்ளே வில்வமும், வேதாரண்யத்து உப்பு பன்னிரண்டு மூட்டையும் இருந்தன.

யாரும் சொல்லாமலே ஜேசிபி டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

"சாமி இனிமே நகர மாட்டாங்கம்மா" என்றார் துரைக்கண்ணு. "நீங்க ரோட்ட நகத்திக்குங்க."

சொல்லிவிட்டு, முதல் மூட்டையின் வாயைப் பிரித்தார்.