பாதி கப்

"மேடம், என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா கதவைச் சாத்திட்டுத் திட்டுங்க."

வாசலில் நின்ற ஆராய்ச்சி மாணவன் விட்ட பெருமூச்சில் பேராசிரியையின் மேஜைக் காகிதங்களில் பாதி பறந்துவிட்டன. மீதியை, டீ ஃபிளாஸ்கோடு வந்திருந்த லேப் டெக்னீஷியன் அக்கா பாய்ந்து பிடித்தார்.

"என்னப்பா, மைக்ராஸ்கோப்பைப் போட்டு உடைச்சிட்டியா?"

"அதை உடைச்சிருந்தாக்கூடப் பரவாயில்லைக்கா."

பேராசிரியை நிமிர்ந்தார். மூளை செல்களைப் பற்றி உலகத்தில் எவர் வாயைத் திறந்தாலும் இவர் பெயரைச் சொல்லாமல் மூட முடியாது. ஆனால் லேபில் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'பாதி கப்'. டீயோ வெந்நீரோ, பாதிக்கு மேல் ஒரு சொட்டு ஊற்ற விடமாட்டார்.

"நாலாம் நம்பரா?" என்றார் மெதுவாக.

ஒரு குடும்பத்தில் நாலு பேரின் தோலைத் துளி கிள்ளி, அதை மூளை செல்லாக மாற்றி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பரம்பரை வியாதி உள்ள குடும்பம். முதலில் கை நடுங்கும். அப்புறம் ஆளையே சாய்த்துவிடும். யார் யார் என்பது பேராசிரியைக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு வெறும் நம்பர்.

"ஆமா மேடம். மத்த மூணுலயும் புரதம் கட்டி கட்டியாத் திரண்டு கிடக்கு. நாலாவது மட்டும் கழுவி விட்ட மாதிரி இருக்கு. சந்தேகப்பட்டு ஜீனையும் பார்த்தேன். வியாதிக்கான கோளாறே அதுல இல்லை."

"சரியாப் பார்த்தியா?"

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். எங்கேயோ டப்பாவை மாத்தித் தொலைச்சிருக்கேன். எவனோ கல்லு மாதிரி இருக்கிறவனோட செல்லுக்கு இத்தனை நாளா ஊட்டி வளர்த்திருக்கேன்! இனிமே என் மத்த மூணையும் யார் நம்புவா? பிஎச்டி போச்சு. பேங்க்ல சேருடான்னு எங்கப்பா அப்பவே தலையால அடிச்சுக்கிட்டார்."

பேராசிரியை எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

'ஓடிப் போயிடு' என்று அக்கா கண்ணாலேயே சாடை காட்டினார். மாணவன் கதவுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான்.

பேராசிரியை திரும்பினார். கண்ணில் நீர் வழிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்!

"அசடே, நீ எதையும் மாத்தலை. உன் பிஎச்டி பத்திரமா இருக்கு."

"எப்படி மேடம்? நாலு பேருமே நோயாளிங்கதானே?"

"ஒரே குடும்பம்னு சொன்னேன். நாலுமே நோயாளின்னு நான் எப்போ சொன்னேன்? அக்கா, முதல்ல அந்த டீயை ஊத்துங்க."

அக்கா வழக்கம்போல் பாதியில் நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க. தளும்பத் தளும்ப ஊத்துங்க."

பேராசிரியை அந்தக் கப்பை எடுத்து, கையை நேராக நீட்டிப் பிடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"முதல் மூணும் எங்கப்பா, அத்தை, அண்ணன்," என்றார். "நாலாவது நான்."