இறங்கும் கட்டில்

“வீல்சேர்ல வர்றவங்க எப்படி ஏறுவாங்க? அத சொல்லு மொதல்ல” என்றார் என் வீட்டுக்காரர் லெட்சுமணன், நான்காவது தடவையாக.

தம்போயில் மருத்துவச் சாமான்கள் விற்கும் கடை. அடுத்த மாதம் திறக்கப்போகும் என் உடம்புப்பிடி நிலையத்துக்குக் கட்டில் வாங்க வந்திருந்தோம். வந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு கட்டிலும் அவருக்குப் பிடித்தபாடில்லை.

எனக்கு வேண்டியது மரக்கால் வைத்த சாதாரணக் கட்டில். கறுப்பு மெத்தை, தலைமாட்டில் முகம் வைக்க ஓர் ஓட்டை, அவ்வளவுதான். சிங்கப்பூரில் பதினோரு வருடம் அந்த மாதிரிக் கட்டிலில்தான் ஊரார் முதுகையும் காலையும் பிடித்தேன். ஆறு நாள் அங்கேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லைப் பாலம் தாண்டி வீடு. இந்த மாதத்தோடு அந்த வேலைக்குத் தலைமுழுக்கு.

இவருக்கோ சுவிட்சை அழுத்தினால் முட்டி உயரத்துக்கு இறங்கும் கட்டில்தான் வேண்டுமாம்.

“ஏங்க, வரப்போறது எல்லாம் முதுகுவலிக்காரங்க. வீல்சேர்ல யாருங்க வரப்போறா?”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மூலையில் நின்ற சக்கர நாற்காலியின் உயரத்தை அளந்தார். கட்டிலை இறக்கி அதையும் அளந்தார். பண்டார் தெங்காராத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டிய மனுசன், என்னமோ இஞ்சினியர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

காலையிலிருந்தே ஆள் ஒரு மாதிரிதான். காலுறை வேறு. லெட்சுமணன் காலுறை போட்டு நான் பார்த்தது எங்கள் கல்யாணத்தில் மட்டும்தான். “என்ன மாப்பிள்ளை, பொண்ணு பாக்கவா போறோம்?” என்று காரிலேயே கிண்டல் செய்தேன். கார் முழுக்கத் தைல வாசம். இடுப்பு வலி என்றார். கடை வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். காலுறையை மட்டும் தொடவில்லை.

அவருக்கு இனிப்புநீர். போன வருடம் இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இனி ஒரு புண் வந்து முற்றினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது. எறும்புகூட எங்கள் குசினிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கால் பார்க்கும் நாள். அவரைப் படுக்க வைத்து, விரலிடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பேன். நான்தான் பார்க்க வேண்டும். ஆணி ஏறினாலும் அந்தக் காலுக்கு உறைக்காது.

இது மூன்றாவது ஞாயிறு, பார்க்கவில்லை. ஒரு வாரம் கோயிலில் வேலை என்றார். ஒரு வாரம் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். இன்றைக்கு, “நானே பாத்துட்டேன் பிரேமா, ஒண்ணுமில்ல” என்றார். கட்டில் நினைப்பில் நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

கடையில் விற்பனை பார்க்கும் பெண் சாந்தினி, பாவம், எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அவரைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தாள். கடைப்பெண் யாரைப் பார்த்தும் சிரிப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“படுத்துப் பாருங்க அக்கா, படுத்தாதான் தெரியும்” என்றாள்.

அவர் ஆசைக்காக அந்த இறங்கும் கட்டிலிலேயே குப்புறப் படுத்தேன். முகத்தை ஓட்டையில் வைத்தேன். தரை வெகு பக்கத்தில் இருந்தது. நான்கு வெள்ளைத் தரைக்கல், தலைமாட்டில் வந்து நின்ற அவருடைய இரண்டு கால்கள்.

இடது காலுறையின் நுனி ஈரமாக இருந்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்த ஈரம்.

சுவரோரத்திலிருந்து எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கல் இடுக்கைப் பிடித்து வந்து, அந்த ஈரத்தில் ஏறி, விரல் இல்லாத பக்கம் தையல் விட்டிருந்த இடுக்கு வழியாகக் காலுறைக்குள் போயின.

அவர் காலை உதறவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை.

தைலம் எந்த நாற்றத்தை மறைக்க என்று அப்போதுதான் புரிந்தது. என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது. பதினோரு வருடம் எத்தனை பேர் காலைப் பார்த்தேன், வீட்டில் இருக்கும் காலைப் பார்க்காமல் விட்டேனே.

“எப்படி இருக்கு பிரேமா? ஏற எறங்க சுலபமா இருக்கா?” என்று மேலிருந்து அவர் குரல் கேட்டது. அதில் அத்தனை அக்கறை.

எழுந்திருக்க வேண்டும். அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கையை ஊன்றினேன். உடம்பு எழவில்லை.

அதற்குள் சாந்தினி பில் புத்தகத்தோடு வந்துவிட்டாள்.

“அப்ப இதையே போட்டுடவா அண்ணே? போன வாரம் வந்து உக்காந்து பாத்தீங்களே, அந்த வீல்சேரையும் சேத்தே ஏத்திடவா?”

அளவு நாடா சுருண்டு உள்ளே போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த இடது கால் மெல்லப் பின்னால் நகர்ந்து, என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் நின்றது.

எறும்புகள் கொஞ்ச நேரம் வழி தெரியாமல் சுற்றின. பிறகு அவையும் அந்தப் பக்கமே திரும்பின.