ராமு ஏழு

"ஸ்கிரிப்டை நீ எழுதும்மா. பேரை நான் வச்சுக்கிறேன்."

இதைச் சொல்லும்போது சீனியர் ராமமூர்த்தி சார் முகத்தில் கொஞ்சமாவது வெட்கம் இருக்கணுமே! ம்ஹூம். ஜெயக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோரிப்பாளையத்தில் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி. எண்பத்தெட்டில் மதுரைக்கு அதுவே பெரிய அதிசயம். ஜவுளிக்கடைகளுக்குக் கம்ப்யூட்டரும், சரக்கு விவரம் பார்க்கிற ஸ்கிரிப்டுகளை ஃப்ளாப்பியில் போட்டும் விற்றார்கள். ஸ்கிரிப்ட் என்றால் வேறொன்றும் இல்லை. கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதி, மொத்தத்துக்கும் ஒரு பேர் வைத்துவிடுவது. கடைக்காரர் அந்தப் பேரை மட்டும் தட்டினால் போதும், எல்லா வேலையும் தானாக நடக்கும்.

எழுதுவது ஜெயக்கொடியும் காசிமாயனும். பேர் மட்டும் ராமு ஒன்று, ராமு இரண்டு என்று போய், இப்போது ராமு ஏழில் நிற்கிறது. ஃப்ளாப்பியை, தன் அண்ணன் கடையிலிருந்து கொண்டுவந்த சேலை அட்டைப்பெட்டிக்குள் பதவிசாக வைத்து, மேலே 'தயாரிப்பு: ராமமூர்த்தி' என்று லேபிள் ஒட்டி அனுப்புவார் மனுசன். வலி எடுத்துப் பெற்றவள் ஒருத்தி, சந்தனமும் மாலையும் இவருக்கு!

"வருசக் கடைசிக்கு நீ எழுதுனதுக்குக் கொடின்னுல்ல பேரு வச்சிருந்த?" என்றான் காசிமாயன்.

"அதுதாண்ணே இப்ப ராமு ஏழு."

"விட்டா வைகையாத்துக்கும் ராமு எட்டுன்னு லேபிள் ஒட்டிருவாரு."

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை நிரந்தரமாகவில்லை என்றால் ஆவணியில் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்டணும் என்று அலங்காநல்லூரில் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். முதலாளிக்கோ இவள் ஒருத்தி இருப்பதே தெரியாது. பிறகு எங்கிருந்து நிரந்தரமாக்குவார்?

"இன்னைக்கு முதலாளிட்டப் போறேன்ணே. அது நான் எழுதுனதுன்னு சொல்லிட்டு வாரேன்."

"தைரியமாப் போ தாயி. உன் பின்னாடி நான் இருக்கேன்" என்ற காசிமாயன், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

முதலாளி சிவனாண்டி நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா?"

"சார், ஒரு விசயம்..."

படாரென்று கதவு திறந்தது. ஜவுளிக்கடை நல்லகாமன்! கையில் அந்தச் சேலைப்பெட்டி.

"எவன்யா அந்த ராமு ஏழு? சித்திரை ஒண்ணு, நல்ல நேரம் பாத்து, சூடம் காட்டி, பழைய வருசத்தை முடிக்கத் தட்டுனேன். திருவிழாவுக்கு வந்து இறங்குன அம்புட்டுச் சேலையும் கம்ப்யூட்டர்ல காணோம்!"

தப்பு எங்கே என்று ஜெயக்கொடிக்கு உடனே பிடிபட்டது. மார்ச் முப்பத்தொன்றோடு வருசம் முடிகிறது, அன்றைக்கே தட்டிவிடுவார்கள் என்று அவளாக நினைத்துக்கொண்டு, தட்டுகிற நேரத்தில் உள்ள சரக்கு விவரம் அத்தனையையும் அழிக்கும்படி எழுதியிருந்தாள். சித்திரை பிறக்காமல் மதுரைக் கடைக்காரர் எவராவது வருசத்தை முடிப்பாரா? இந்த ஊர்ப் பிள்ளைக்கு அது தோன்றவில்லையே! ஏப்ரலில் வந்த சரக்கும் சேர்ந்து அழிந்துவிட்டது.

"எழுதுனவனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்க. இல்லைன்னா உங்க கம்ப்யூட்டரைத் தூக்கியாந்து வாசல்ல வச்சிட்டுப் போயிருவேன்!"

ராமமூர்த்தியைக் கூட்டிவர ஆள் போனது. முதலாளி இவள் பக்கம் திரும்பினார். "நீ என்னமோ விசயம்னியே?"

"ஒண்ணுமில்ல சார். அழகர் ஆத்துல இறங்குறதுக்கு... லீவு கேக்க வந்தேன்."

"சரி, எடுத்துக்க. பேசாம ஓரமா நில்லு."

ராமமூர்த்தி வந்தார்.

"இதை எழுதுனது யாருய்யா?"

"லேபிள்லயே போட்டிருக்கே சார். நான்தான்."

ஜெயக்கொடி தரையைப் பார்த்தாள். பேர் வேண்டும் என்று கிளம்பி வந்த வீராங்கனை, சுவரோரமாக இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டாள்.

நல்லகாமன் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். ராமமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

"புதுசா வந்த பிள்ளைக எழுதியிருந்தா இந்நேரம் சீட்டைக் கிழிச்சிருப்பேன்" என்றார் முதலாளி. "நீ கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேருந்து கூடக் கிடக்குற ஆளு, உன்னைய என்ன பண்ண? போ. அவரு கடையில உக்காந்து ஒவ்வொரு சேலையா மறுபடி ஏத்து. திருவிழாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

மாடிப்படியில் ஜெயக்கொடி ஓடிவந்து மறித்தாள். கண் கலங்கியிருந்தது.

"சார், அது நான் எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாமலா?"

"அப்புறம் ஏன் சார்?"

"போன வருசம் ஒரு பையன் ஆசை ஆசையாத் தன் பேரைப் போட்டு அனுப்புனான். ஒரே ஒரு தப்பு. இதே மாதிரி ஒருத்தர் வந்து கத்துனாரு. அன்னைக்குச் சாயங்காலமே அவனை அனுப்பிட்டாங்க."

சேலைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு படி இறங்கியவர், திரும்பிப் பார்த்தார்.

"லீவு கிடைச்சிருச்சுல்ல? அழகரைப் பாத்துட்டு வந்து அடுத்ததை எழுதும்மா. பேரை நான் வச்சுக்கிறேன்."