சாதா எடிஷன்

சாய்ந்த வெயில் டிவியில் பட்டுக் கண் கூசுகிறது. திரையில் புதிதாக வந்த கார்ப்பந்தய விளையாட்டு மூன்று பதிப்புகளாக வரிசை கட்டி நிற்கிறது. கன்ட்ரோலரை மடியில் வைத்தபடி தையல்கடைக்காரி ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கிறாள். தங்கப் பதிப்பில் நாற்பது கார்களும் ஒரு மலைநாடும் கூடுதல். சாதாப் பதிப்பில் முதலில் கிடைப்பது ஒரு பழைய கார்தான். பக்கத்தில் கொழுந்தன் உட்கார்ந்திருக்கிறான். போன மாதம் உறவுக்காரர்கள் முன்னால், பழைய விளையாட்டில், ஏழு பந்தயத்திலும் அவனை மண்ணைக் கவ்வ வைத்தாள். அவனோ, "அண்ணி எங்க ஜெயிச்சாங்க? அவங்களோட தங்க எடிஷன் காருதான் ஜெயிச்சுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கட்டினவனும் சேர்ந்து சிரித்தான். அது இன்னும் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது.

"நான் தங்கம் வாங்கிட்டேன் அண்ணி. நீங்களும் அதையே எடுங்க. இல்லன்னா என் பின்விளக்கைப் பாத்துக்கிட்டேதான் வருவீங்க."

அவள் கட்டைவிரல் முதல் பதிப்புக்குத் திரும்பி, அழுத்துகிறது. சாதா இறங்குகிறது. அப்டேட் போடலாமா என்று திரை கேட்கிறது.

"ஐயோ, போடாதீங்க! அந்தப் பழைய கார் வேகத்தை அதுல இன்னும் குறைச்சிருக்காங்க."

"தெரியும் தம்பி." அதையும் அழுத்துகிறாள். குரல் தேனாக வழிகிறது. "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் திரும்ப வரச்சொல்லியிருக்கேன். இந்த வண்டிகிட்ட தோத்துட்டு என்ன சொல்லப்போறீங்கன்னு இப்பவே யோசிச்சு வைங்க."