கிழக்குப் பக்கம்

அன்புள்ள ரொனால்ட் மச்சானுக்கு,

இணைய வரைபடத்தில் சேர்ப்பதற்காக எங்கள் தெருவை அளந்தோம். வளைவே இல்லாத நேர்த்தெரு. அளவுச் சக்கரத்தை மேற்கு ஓரமாக நான் உருட்டியபோது நூற்றிருபது மீட்டர் வந்தது. கிழக்கு ஓரமாக உங்கள் தங்கை உருட்டியபோது நூற்று முப்பத்தொன்று.

"உனக்கு உருட்டக்கூடத் தெரியல, ரீட்டா."

"நீங்கதான் தூங்கிக்கிட்டே உருட்டியிருப்பீங்க!"

சரிபார்க்க அவள் மறுபடி கிழக்கு ஓரமாகக் கிளம்பினாள். அது காலையில். இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. தெருமுனையில் நின்றபடியே எழுதுகிறேன். போனில் கேட்டால், "இந்தா வந்துட்டேங்க, நீங்க நிக்கிறது தெரியுது" என்கிறாள்.

நானும் அந்த ஓரமாகப் போய்க் கூப்பிடவா, இங்கேயே நிற்கவா? கையசைக்கிறாள், மச்சான். என்னை நோக்கித்தான் நடக்கிறாள். நடக்க நடக்கச் சிறிதாகிறாள்.