தங்க ஓரக் கீப்பர்

"மாப்பிள்ளை வீட்டுக்காரவிய முன்னால அந்தக் கார்டு டப்பாவப் பத்தி மூச்சு விட்ட, அம்புட்டுதான்," என்றார் மாரிச்சாமி.

"பொழுதுபோக்கு என்னன்னு கேட்டா?" என்றாள் அவர் மகள் யோகேஸ்வரி, தலையில் பூவைச் செருகிக்கொண்டே.

"கோலம் போடுவேன்னு சொல்லு."

"எனக்குப் போடத் தெரியாதுப்பா."

"வந்தவிய மாவக் கையில குடுத்துப் போடச் சொல்லவா போறாவ? மூணு சம்பந்தம் வந்துச்சு. மூணும் அந்த அட்டையாலதான் போச்சு."

"நல்ல நாளும் அதுவுமா புள்ளைய வையாதடா தம்பி," என்றாள் பரிபூரணம். மாரிச்சாமியின் அக்கா. மூன்று சம்பந்தத்தையும் தேடிக் கொண்டுவந்தவள் அவள்தான், இன்றைக்கு வரும் நாலாவதையும்.

யோகேஸ்வரி அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பிஸ்கட் பாக்கெட்டுக்குள் வரும் கிரிக்கெட் கார்டு சேர்ப்பது அவளுக்கு உயிர். அவள் வாங்கிக் குவித்த பிஸ்கட்டைத் தின்று தின்று, தெருநாய்கள்கூட அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் அதே அம்பயர்தான் வந்து நிற்பார். பாதி சேர்த்திருக்கும்போது கம்பெனிக்காரன் கார்டு போடுவதையே நிறுத்திவிட்டான். அதன் பிறகு, இல்லாத கார்டை இன்னொரு கிறுக்கனிடம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவனுக்குப் பத்து நல்ல கார்டுகளைக் கொரியரில் அனுப்பி, ஓரத்தில் தங்கப்பூச்சுள்ள விக்கெட் கீப்பர் கார்டு, அதாவது 'தங்க ஓரக் கீப்பர்' ஒன்றை வாங்கினாள். கட்டைவிரலை வைத்ததும் தங்கம் விரலோடு வந்துவிட்டது. அவள் அன்றைக்கு அழுத மாதிரி பெற்ற தாய் செத்த வீட்டில்கூட அழவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை சூர்யபிரகாஷும் அவன் அம்மா வெங்கடேஸ்வரியும் பால்கோவாவோடு வந்து இறங்கினார்கள். காபி குடித்து முடித்ததும் அவன் கேட்டான்.

"உங்களுக்கு ஹாபி ஏதும் உண்டா?"

"கோலம்," என்றார் மாரிச்சாமி.

"கிரிக்கெட் கார்டு சேக்குறேன்," என்றாள் யோகேஸ்வரி.

மாரிச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது மாப்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான்.

"நானும்தாங்க. தங்க ஓரம் எத்தனை இருக்கு?"

"சின்னஞ்சிறுசுக செத்த நேரம் தனியாப் பேசட்டும்," என்று பரிபூரணம் இருவரையும் உள்ளறைக்கு அனுப்பினாள். கதவு திறந்தேதான் இருந்தது. மாரிச்சாமி காற்றாடியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்து உள்ளே பார்த்தார்.

மாப்பிள்ளை தோள்பையிலிருந்து ஓர் ஆல்பத்தை எடுத்தான். பெண் பார்க்க வருகிறவன் ஆல்பத்தோடா வருவான் என்று மாரிச்சாமிக்குத் தோன்றவில்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

"பால்கோவா தின்ன கையா?" என்றாள் யோகேஸ்வரி. "கழுவிட்டு வந்து தொடுங்க."

அவன் பேசாமல் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தான். தாலி கட்டும் முன்பே இப்படிச் சொன்ன பேச்சு கேட்கும் மாப்பிள்ளை இந்த ராஜபாளையத்தில் யாருக்குக் கிடைத்திருக்கிறான்?

"கீப்பரா? ஒரிஜினல்தானா?" என்றாள், அவன் ஆல்பத்திலிருந்து உருவி நீட்டிய கார்டைப் பார்த்து.

"லைட்டுல பிடிச்சுப் பாருங்க."

அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் தேய்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றைக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை மாரிச்சாமி கண்டதில்லை.

"இதுக்கு என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேண்டாம், வச்சுக்கோங்க. எப்படியும் எங்க வீட்டுக்குத்தான திரும்பி வரப் போவுது," என்று அவன் சிரித்தான்.

யோகேஸ்வரி கார்டை டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

கூடத்துக்கு வந்ததும் மாப்பிள்ளை அம்மாவின் காதில் ஏதோ சொன்னான். வெங்கடேஸ்வரி தொண்டையைச் செருமினாள்.

"புள்ளைக்குப் பிடிச்சுப் போச்சு. நகை, சீரு ஒண்ணும் வேண்டாம். அந்த டப்பாவ மட்டும் பொண்ணுகூட அனுப்பி வைங்க, போதும்."

மாரிச்சாமியின் கைகள் தாமாகக் குவிந்தன. "டப்பாதான தாயி, இப்பவே எடுத்துட்டுப் போங்க."

"இருங்கப்பா," என்றாள் யோகேஸ்வரி. மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "டப்பா வந்தா என்ன செய்வீங்க?"

"என் ஆல்பத்துல சேத்துருவேன். கல்யாணத்துக்குப் பொறவு உங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது? வேலைக்குப் போகணும், சமைக்கணும், அம்மாவப் பாத்துக்கிடணும்."

"உங்களுக்கு மட்டும் நேரம் எங்கருந்து வரும்?"

"எனக்கென்னங்க, நான் சும்மாதான இருப்பேன்."

"நகையக் கேட்டிருந்தாக்கூட உங்களை மனுசன்னு நினைச்சிருப்பேன். எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்ப்பா."

வெங்கடேஸ்வரி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் போன சூர்யபிரகாஷ் அங்கேயே நின்றான்.

"அந்தக் கீப்பரு..."

"ஏலே, ஒரு அட்டைக்காக நடுத்தெருவுல நின்னு மானத்த வாங்குதியே. ஏறு வண்டில," என்று வெங்கடேஸ்வரி மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மாரிச்சாமி இடிந்துபோய் உட்கார்ந்தார். நாலாவதும் போயிற்று. ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று அடுப்படிக்குப் போனவர், உள்ளே பேச்சுக் குரல் கேட்டு நிலையருகிலேயே நின்றார்.

"இவன்கிட்ட இந்தக் கீப்பரு இருக்குன்னு கண்டுபிடிக்க எம்புட்டு அலைஞ்சேன் தெரியுமாட்டி," என்று பரிபூரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். "போன மூணு பயலுவகூட இம்புட்டு அலையவிடல. இன்னும் எத்தனை அட்டை பாக்கி?"

"ரெண்டுதான் அத்தை. ஒண்ணு வன்னியம்பட்டியில, இன்னொண்ணு மம்சாபுரத்துல."

"அப்ப வன்னியம்பட்டிக்காரன வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வரச் சொல்லிருதேன், மம்சாபுரத்தான அடுத்த முகூர்த்தத்துல பாத்துக்கிடுவோம்."