பெயிண்ட் காயாத பெஞ்சு

"கிராணியாரே, கையெடுத்துக் கும்புடுறேன். இன்னைக்கு ஒருநாள் மட்டும் வாயத் தொறக்காதீங்க லா!"

கலாதேவி உண்மையாகவே கும்பிட்டாள். கடலை வறுத்த எண்ணெய் இன்னும் கையில் இருந்தது. சின்னையா கக்கத்தில் இருந்த ஃபைலை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அஞ்சரைக்கு நகராட்சி மன்றத்து அதிகாரி வாராங்க. இந்த இடம் சும்மா கெடக்குன்னு எழுதிட்டா, தார் போட்டு கார் பார்க் ஆக்கிடுவாங்க. புது வருசத்துலயே கம்பத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்களாம். நம்மள்ல யாரு பாத்தா? இப்ப நாங்கெல்லாம் எங்க போறது?" என்றாள்.

"அவங்கவங்க வீட்டுக்குப் போங்க. நான் நிம்மதியாத் தூங்குவேன்."

இப்படிப்பட்ட மனிதரிடம் கும்பிட்டு என்ன, விழுந்து என்ன!

சின்னையா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. தோட்டம் போய்ப் புந்தோங்குக்கு வந்து இருபது வருடமாகியும் அந்த எழுதுகிற கை மட்டும் போகவில்லை. "தோட்டத்த வித்தப்போ, நாங்க அங்க இருந்தோம்னு காட்ட ஒரு துண்டுக் கடுதாசி இல்ல. எதையும் எழுதி வைக்கணும்லா" என்பார். சொன்ன கையோடு அக்கம்பக்கத்தார் மேல் ஒரு புகார் எழுதுவார்.

உண்மையைச் சொன்னால், அவர் வீட்டை ஒட்டிய அந்த வெற்று நிலத்தில் கூட்டம் சேர்ந்ததே அவர் மேலிருந்த வீம்பில்தான். ஏப்ரலில், பாம்பு வருகிறது என்று சொல்லி, இடுப்பளவு லாலான் புல்லை அவரே வெட்டினார். மாமரத்தடியில் ஒரு நீள பெஞ்சைப் போட்டுப் பச்சை பெயிண்ட் அடித்தார். 'பெயிண்ட் காயவில்லை. யாரும் உட்காரக் கூடாது' என்று அட்டையும் மாட்டினார். மூன்று வாரம் ஆகியும் அட்டை இறங்கவில்லை.

லாரி ஓட்டும் சன்னாசி ஒருநாள் விரலால் தொட்டுப் பார்த்தார். எப்போதோ காய்ந்திருந்தது. "இவரு யாரு லா நம்மள உக்காரக் கூடாதுன்னு சொல்ல?" என்று நடு பெஞ்சில் உட்கார்ந்தார். மறுநாள் கேரம் பலகை வந்தது. பிறகு பூப்பந்து வலை, பெண்களின் அரட்டை, கலாதேவியின் கச்சாங் பூத்தே கடலை மேசை. சின்னையா சன்னலில் நின்று கத்துவார். அவர் கத்தக் கத்த இன்னும் நாலு பேர் வருவார்கள். திங்கட்கிழமை தவறாமல் மன்றத்துக்குப் போய் ஓர் அடுவான் புகார்க் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் அவருக்கு மதியச் சோறு இறங்கும்.

அதிகாரி பெட்ரீசியா சொன்ன நேரத்துக்கு வந்தாள். சின்னப் பெண். கடலையைக் கொறித்தபடி ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"இடம் எனக்கே புடிச்சிருக்கு ஆன்டி. ஆனா என் கண்ணு பாத்தது பத்தாது. ஆறு மாசமா மக்கள் இங்க வாராங்கன்னு எழுத்துல ஆதாரம் வேணும்."

"நாங்க வந்தே நாலு மா..." என்று தொடங்கிய சன்னாசியின் காலை நறுக்கென்று மிதித்தாள் கலாதேவி.

"போன்ல நெறைய படம் இருக்கும்மா!"

"படம் ஏத்துக்க மாட்டாங்க ஆன்டி. மன்றத்து சாப்பு முத்திரை குத்துன கடுதாசி வேணும். இல்லேன்னா சும்மா கெடக்குற நெலம்னுதான் நான் எழுதணும்."

கலாதேவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரே அவளுக்கு இந்த நாலு மாதத்தில்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமினார் சின்னையா.

"போச்சு!" என்றார் சன்னாசி.

"அம்மா, முப்பத்தோரு அடுவான் குடுத்திருக்கேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. தெனம் முப்பது பேரு! கேரம் சத்தம், சிரிப்புச் சத்தம்! மனுசன் குடியிருக்க முடியுதா? எல்லாத்துலயும் உங்க ஆபீஸ் சாப்பு இருக்கு. நல்லா பாருங்க!"

பெட்ரீசியா ஃபைலைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் முகம் மலர்ந்தது.

"அங்கிள், ரொம்ப தேங்க்ஸ்! ஆறு மாசத்துக்கு மேலயே இருக்கு. இதவிட என்ன ஆதாரம் வேணும்?" பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு, தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். "கார் பார்க் வராது ஆன்டி. மக்கள் கூடுற எடம்னு எழுதிட்டேன். ரெண்டு வெளக்கும் கேட்டிருக்கேன்."

கூட்டம் கைதட்டியது. "உங்க அடுவானே உங்க கால வாரிருச்சே கிராணியாரே!" என்று சன்னாசி குதித்தார். சின்னையா "சே!" என்று கையை உதறிவிட்டு வீட்டுக்குள் போனார்.

பெட்ரீசியா ஃபைலைக் கலாதேவியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். கிழவர் என்னதான் எழுதியிருக்கிறார் என்று கலாதேவி முதல் கடிதத்தை எடுத்துச் சிரித்துக்கொண்டே படித்தாள். 'தினமும் மாலை முப்பது பேர் இங்கே கூடிச் சிரிக்கிறார்கள். கேரம் சத்தம் தாங்க முடியவில்லை.'

தேதியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஜனவரி எட்டு. கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டிய சமயம். அன்றைக்கு அங்கே இடுப்பளவு லாலானைத் தவிர ஓர் ஆள் கிடையாது, ஒரு பெஞ்சு கிடையாது.

அவள் நிமிர்ந்தபோது, சின்னையா பச்சை பெயிண்ட் டின்னும் கையுமாக இன்னொரு புது பெஞ்சை இழுத்துக்கொண்டு வந்தார். "இதுல ஒருத்தனும் உக்காரக் கூடாது, சொல்லிட்டேன்!"